டிபி கிருமியா, அதன் பங்காளியா?

முட்டைக்கு நாமக்கல் என்பது ஊரறிந்த விஷயம். டிபி கிருமியை ஆய்வகத்தில் வளர்க்கவும் முட்டைதான் வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. முழு முட்டையை அடித்துக் கலக்கி, சில உப்புகள், கிளிசரால், மாலகைட் கிரீன் என்ற பச்சைச் சாயம் சேர்த்துச் சின்னக் குப்பிகளில் ஊற்றுவார்கள். குப்பியைச் சாய்த்துவைத்துச் சூடாக்கினால் கலவை வெளிர்பச்சைச் சரிவாக உறைந்துவிடும். லோவன்ஸ்டைன்-ஜென்சன் ஊடகம் என்று அதற்குப் பெயர். மற்ற கிருமிகளைத் தலையெடுக்கவிடாமல் செய்வது அந்தச் சாயத்தின் வேலை. சுத்திகரித்த சளியை அதில் இட்டு 37 டிகிரியில் வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். மூன்றிலிருந்து எட்டு வாரத்துக்குள் சொரசொரப்பான, வறண்ட, வெளிர்மஞ்சள் திட்டுகள் எழும்பும். குடலில் வாழும் ஈ.கோலை 20 நிமிடத்தில் இரண்டாகும்; டிபி கிருமிக்கு அதற்கே கிட்டத்தட்ட ஒரு நாள் பிடிக்கும்.

சரி, வளர்ந்துவிட்டது. வளர்ந்தது டிபி கிருமிதானா?

நுண்ணோக்கியை நம்பி இதைச் சொல்ல முடியாது. ஜெர்மன் மருத்துவர் ராபர்ட் கோக் 1882-ல் காட்டிய அந்த மெல்லிய கோல் வடிவத்தைத்தான் இன்றும் சளிப் பரிசோதனையில் தேடுகிறோம். சிவப்புச் சாயம் ஏற்றி, அமிலம் கலந்த ஆல்கஹாலில் கழுவிய பிறகும் சிவப்பு போகாமல் நிற்பது டிபி கிருமியின் பேரினமான மைக்கோபாக்டீரியம். ஆனால் அந்தப் பேரினத்தில் 150-க்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. மண்ணிலும் தண்ணீரிலும் சும்மா கிடப்பவையும் அப்படியே சிவப்பாகத்தான் தெரியும்.

அப்புறம் மரபணுவைப் பார்க்க வேண்டியதுதான். பாக்டீரியா எல்லாவற்றிலும் இருக்கும் 16எஸ் என்ற மரபணு சுமார் 1,500 டிஎன்ஏ எழுத்து நீளம். தெரிந்த இனங்களோடு ஒப்பிட்டு, ஒற்றுமை 98.7 சதவீதத்துக்குக் கீழே போனால் புது இனம் என்று சந்தேகிக்கலாம். தூரத்து உறவுகளைப் பிரிக்க இது போதும். டிபி கிருமியின் நெருங்கிய பங்காளிகளிடம் இது பலிக்காது. நடைமுறையில் அவை எல்லாவற்றுக்கும் 16எஸ் ஒன்றேதான். முழு மரபணுத்தொகுதியை எடுத்தாலும் சிக்கல் தீராது. சுமார் 44 லட்சம் எழுத்துகளில் 95 சதவீதத்துக்கு மேல் ஒத்துப்போனால் ஒரே இனம் என்பது பொது வழக்கு. மனிதனைத் தாக்கும் டியூபர்குலோசிஸ், மாட்டைத் தாக்கும் போவிஸ், இன்னும் இந்தக் கூட்டத்தில் உள்ளவை எல்லாம் தங்களுக்குள் 99 சதவீதத்துக்கும் மேல் ஒத்தவை. அதனால் எல்லாவற்றையும் ஒரே இனமாக்கிவிடலாம் என்று 2018-ல் சில ஆய்வாளர்கள் எழுதினார்கள். கணக்குப்படி அது சரி. ஆனால் மருந்து கொடுக்கிறவருக்கும் மாடு வளர்க்கிறவருக்கும் தனிப் பெயர்கள் வேண்டும் என்பதே என் கட்சி.

அப்படியானால் எதை வைத்துப் பிரிப்பது? தொலைந்துபோனதை வைத்து! இந்தக் கிருமிகள் தங்களுக்குள் மரபணுவைக் கொடுத்து வாங்கிக்கொள்வது மிக அரிது. ஒரு துண்டு ஒருமுறை அறுந்துபோனால் அந்த வம்சத்தில் அது திரும்பி வராது. ஆர்டி-9 என்ற துண்டு டியூபர்குலோசிஸில் இருக்கிறது, விலங்குகளைத் தாக்குபவற்றில் இல்லை. போவிஸில் ஆர்டி-4 துண்டும் இல்லை. எந்தத் துண்டு எங்கே அறுந்தது என்று வரிசைப்படுத்தினால் வம்சாவளி கிடைத்துவிடும். மாட்டு டிபிதான் மனிதனுக்குத் தாவி மனித டிபி ஆனது என்ற பழைய நம்பிக்கை 2002-ல் இப்படித்தான் உடைந்தது. மாட்டுக் கிருமியில் இல்லாத துண்டுகள் மனிதக் கிருமியில் இருக்கின்றன. இல்லாத இடத்திலிருந்து அவை எப்படி வந்திருக்கும்?

இந்தக் கூட்டத்தில் புதிதாகச் சேர்ந்தவையும் உண்டு. ஆப்பிரிக்காவின் போட்ஸ்வானாவில் கீரிகளிடம் கண்ட மைக்கோபாக்டீரியம் முங்கி 2010-ல் பெயர் பெற்றது. அது இருமலில் பரவுவதில்லை. கீரிகள் மணம் பூசி அடையாளம் வைக்கும் இடங்களை முகரும்போது மூக்குக் காயம் வழியாக ஏறுகிறது. ஒரிக்ஸ் என்ற இரலையிடம் கண்ட ஒரைஜிஸ் 2012-ல் தனியாகப் பிரிக்கப்பட்டது. நமக்கு முக்கியம் இதுதான். சென்னையில் ஒரு மாட்டிலிருந்து எடுத்த ஒரைஜிஸின் மரபணுத்தொகுதி 2019-ல் வெளியானது. அடுத்த ஆண்டு, வேலூர் மருத்துவமனைக்கு வந்த நோயாளிகளின் மாதிரிகளிலும் ஒரைஜிஸ் இருப்பது வெளிவந்தது. ஆய்வாளர்கள் தேடிய போவிஸ், அதைப் பலவீனமாக்கிச் செய்த பிசிஜி தடுப்பூசி வகையைத் தவிர, அங்கே இல்லை.

கொங்கு நாட்டில் இதைச் சும்மா படித்துவிட்டு நகர முடியாது. காங்கேயம் பக்கம் கொறங்காடு என்ற மேய்ச்சல் நிலத்தில் மேய்வதும், தொண்டுப்பட்டியில் கறப்பதும், கண்ணபுரம் சந்தைக்கு ஓட்டுவதும் அன்றாடப் பிழைப்பு. பாலைக் காய்ச்சிவிட்டால் கிருமி செத்துவிடும். கட்டுத்தரையில் மாட்டின் மூச்சுக்காற்றுக்கு அந்த வழி இல்லை. பெருந்துறையில் காசநோய்க்கென்றே சானடோரியம் இருந்த மண் இது.

மருத்துவமனையில் எடுக்கும் சிபிநாட் என்ற மரபணுப் பரிசோதனை, கிருமி டிபி கூட்டத்தைச் சேர்ந்ததா, ரிஃபாம்பிசின் என்ற டிபி மருந்துக்குக் கட்டுப்படுமா என்று சில மணி நேரத்தில் சொல்லிவிடும். கூட்டத்தில் எது என்று சொல்லாது. அது ஏன் முக்கியம்? முதல் இரண்டு மாதம் கொடுக்கும் நான்கு மருந்துகளில் பைராசினமைடு ஒன்று. போவிஸுக்கு ஒரு மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருப்பதால் அந்த மருந்து பிறவியிலேயே பலிக்காது. ஆகவே மாடு கன்றோடு புழங்குகிறவருக்குக் கழுத்தில் நெறி கட்டி டிபி என்று வந்தால், அந்தப் புழக்கத்தை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். நெறியிலிருந்து எடுத்த மாதிரியில் ஆர்டி-9, ஆர்டி-4 இருக்கிறதா என்று பார்க்கும் பிசிஆர் என்ற மரபணுச் சோதனை ஒரு நாள் வேலைதான்.