பழைய இழைப்புளியில் 6 எம்.எம். டேப் ஓட்டாதீர்கள்

மறுபடியும் ஒன்று வந்துவிட்டது. அமெரிக்க ஸ்டான்லி கம்பெனியின் 5ஆம் எண் இழைப்புளி, வார்ப்பிலேயே 1910 பேட்டன்ட் தேதி இருக்கிறது. பின்கைப்பிடி ஆடுகிறது என்று பட்டறையில் கொடுத்திருக்கிறார்கள். அங்கே பழைய துளையைப் பெரிதாக்கி, 6 எம்.எம். டேப் (துளைக்குள் மரை வெட்டும் கருவி) ஓட்டி, புது போல்ட்டை முறுக்கியிருக்கிறார்கள். துளையைச் சுற்றியிருந்த மேடு விரிசல் விட்டுவிட்டது. அது வார்ப்பிரும்பு. தெரு முனையில் வெல்டிங் வைத்தால் விரிசல் இன்னும் ஓடும்.

கணபதி, ஆவாரம்பாளையம் பக்கம் எந்தத் தெருவில் நுழைந்தாலும் ஒரு லேத் பட்டறை இருக்கும். அதனாலேயே கோயம்புத்தூரில் இந்தச் சேதம் அதிகம். “போல்ட்டுதானுங்க, எதைப் போட்டா என்ன?” என்று கேட்கிறார்கள். இதற்கு ஒருமுறை விரிவாகவே பதில் சொல்லிவிடுகிறேன்.

ஸ்டான்லியின் மரைகள் கடையில் கிடைக்கும் மரைகள் அல்ல. கைப்பிடி, முன்குமிழ், பிளேடு உட்காரும் ஃப்ராக் எனப்படும் சாய்வு வார்ப்பு ஆகிய மூன்றையும் பிடிக்கும் திருகுகள் 12ஆம் எண், அங்குலத்துக்கு 20 மரை. வெளிவிட்டம் கிட்டத்தட்ட 5.5 மி.மீ. 5 எம்.எம். போல்ட் போட்டால் தொளதொளவென்று நிற்கும், 6 எம்.எம். நுழையவே நுழையாது. கால் அங்குல போல்ட்டிலும் அங்குலத்துக்கு 20 மரைதான், ஆனால் அது 6.35 மி.மீ. தடிமன். மரை எண்ணிக்கை ஒத்துப்போகிறதே என்று அதை முறுக்கித் துளையை அழித்தவர்களும் உண்டு. பிளேடை மேலிருந்து அழுத்தும் மூடியான லீவர் கேப்பைப் பிடிக்கும் நடுத்திருகும், பிளேடின் ஆழத்தை ஏற்றி இறக்கும் பித்தளைச் சக்கரம் ஓடும் தண்டும் 9/32 அங்குலம், 24 மரை. 7 எம்.எம். போல்ட் அதில் ஓரிரு சுற்று ஏறும், பிறகு இறுகும். “ஏறுதே” என்று ஸ்பானர் போட்டால் மரை போய்விடும். பிளேடையும் மேல்தகட்டையும் சேர்க்கும் தட்டைத் தலைத் திருகு மட்டும் 5/16 அங்குலம், 18 மரை. அது ஒன்றுதான் பொது அளவு.

பித்தளைச் சக்கரத்துக்குப் பெரும்பாலும் இடது மரை. வலப்பக்கம் சுற்றினால்தான் கழன்று வரும். இது தெரியாமல் இடப்பக்கமாகப் பிளையர் போட்டுத் திருகித் தண்டையே முறித்துக்கொண்டு வருகிறார்கள். தயவுசெய்து அதில் பிளையரை வைக்காதீர்கள். மண்ணெண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊறவிட்டு, கையால் வலப்பக்கம் சுற்றுங்கள்.

இவ்வளவுக்கும் கைப்பிடி ஆடுவதற்குக் காரணம் போல்ட்டே அல்ல. கட்டை சுருங்கியிருக்கும். காங்கேயம், தாராபுரம் பக்கம் கோடைக்காற்றில் நூறு வருடக் கட்டைகூடச் சுருங்கும். அப்போது கைப்பிடிக்குள் ஓடும் திருகுக் கம்பி கட்டையைவிட நீளமாகிவிடும். மேலேயுள்ள பித்தளை நட் கம்பியின் முனையில் முட்டி நின்றுவிடும், கட்டையை அழுத்தாது. கம்பியைக் கழற்றி ஒரு முனையில் 1 அல்லது 2 மி.மீ. அரத்தால் ராவுங்கள், முனையிலுள்ள பிசிறை எடுத்துவிட்டு மாட்டுங்கள். வேலை முடிந்தது. 5ஆம் எண்ணிலிருந்து மேலே உள்ளவற்றுக்குக் கைப்பிடியின் முன்காலில் இரண்டாவது திருகு ஒன்று உண்டு. அது இல்லாமல் ஓட்டினாலும் கைப்பிடி ஆடும். 4ஆம் எண்ணுக்கு அந்தத் திருகே கிடையாது, அதைத் தேடி அலையாதீர்கள்.

உதிரி வாங்கும் முன்பு கையில் இருப்பது என்னவென்று பாருங்கள். அதற்கும் முன்பு ஒன்று: துருவை எடுக்கிறேன் என்று கிரைண்டரில் கம்பிச் சக்கரம் மாட்டி எழுத்துகளைத் தேய்த்துவிடாதீர்கள். பிளேடின் தலையில் உள்ள முத்திரை, ஃப்ராக்குக்குப் பின்னால் உள்ள எழுத்து, முன்பக்க எண் எல்லாம் அடையாளங்கள். அடிநீளம் 9 முதல் 10 அங்குலத்துக்குள் என்றால் 4ஆம் எண், 14 என்றால் 5, 18 என்றால் 6, 22 என்றால் 7. நான்குக்கும் ஐந்துக்கும் பிளேடு 2 அங்குலம், ஆறுக்கும் ஏழுக்கும் 2⅜. எண்ணுக்கு முன்னால் சுழியம் இருந்து 04, 05 என்று வந்தால் அது பெரும்பாலும் ஷெஃபீல்டு ரெக்கார்டு. அதன் திருகை ஸ்டான்லியில் போட நேர்ந்தால் விரலால் மட்டும் ஏற்றிப் பாருங்கள், விரலுக்கு மசியாததை விட்டுவிடுங்கள்.

வயதை ஒரே உறுப்பை வைத்து முடிவு கட்டாதீர்கள். லீவர் கேப்பில் சிறுநீரக வடிவத் துளை இருந்தால் அந்த மூடி 1933க்குப் பிந்தையது, அவ்வளவுதான். அடி அதைவிடப் பழையதாக இருக்கலாம். உக்கடம் பழைய இரும்புக் கடைகளில் கிடைப்பவற்றில் பாதி, பல இழைப்புளிகளின் கலவை. ஃப்ராக்கை மாற்றுவதென்றால்தான் இந்த வயது முக்கியம். 1902 வாக்கில் ஃப்ராக் உட்காரும் இருக்கையே மாறியது, நடுவில் வரம்புபோல் ஒரு மேடு வந்தது. பழைய அடியில் புது ஃப்ராக் சரியாக உட்காராது. உட்கார்ந்ததுபோல் தெரியும், இழைக்கும்போது பிளேடு அதிரும். இருக்கையில் பெயின்ட் அடித்தாலும் இதே கதைதான். கருப்புப் பெயின்ட் அடிக்கிறவர்கள் கடைந்த முகங்களில் பசை டேப் ஒட்டிவிட்டு அடியுங்கள்.

புது பிளேடு வாங்குகிறீர்களா? பழையது 2 மி.மீ. தடிமன்தான். 3 மி.மீ. பிளேடு போட்டால் இரண்டு தொல்லை. பிளேடு வெளியே நீளும் அடித்துளையான வாய் போதாது, சீவல் அடைக்கும். தவிர, பின்னாலுள்ள ஒய் வடிவ லீவரின் மூக்கு மேல்தகட்டின் துளையைச் சரியாக எட்டாது, ஆழம் ஏறாது இறங்காது. வாயை அரம் போட்டு அகலமாக்குவதற்கு மனம் வரக்கூடாது, அதைத் திரும்பச் சிறிதாக்க முடியாது. பழைய பிளேடே இன்னும் உதவுமா என்பதற்கு ஓர் அரம் போதும். கூர்முனைக்குப் பக்கத்தில் அரம் வழுக்கினால் கடினம் இருக்கிறது, கடித்தால் போய்விட்டது. கிரைண்டரில் நீலம் பாய்ந்த முனையும் போனதுதான். அந்த நீலத்தைக் கடந்து உள்ளே வரை சாணை பிடித்த பிறகுதான் மீதி உதவும்.

கைப்பிடி உடைந்திருந்தால் ஈட்டி அல்லது வேங்கை மரத்தில் செதுக்கலாம். நார் அடிக்கு இணையாக ஓட வேண்டும், குறுக்கே ஓடினால் மேற்கொம்பு ஒடியும். கம்பித்துளை சாய்வானது, அதைக் கட்டை செவ்வகமாக இருக்கும்போதே போட்டுவிடுங்கள். வளைத்துச் செதுக்கிய பிறகு டிரில் நேராகப் பிடிக்காது.

திருகு தொலைந்தே போயிருந்தால் லேத்காரரிடம் போங்கள், ஆனால் “இதுக்கு ஏத்த மாதிரி ஒண்ணு போடுங்க” என்று சொல்லாதீர்கள். அவர் துளையைத்தான் மாற்றுவார். 5.48 மி.மீ. வெளிவிட்டம், 20 டி.பி.ஐ. (அங்குலத்துக்கு 20 மரை) என்று எழுதிக் கொடுங்கள். 9/32 என்றால் 7.14 மி.மீ., 24 டி.பி.ஐ., சக்கரத் தண்டுக்கு இடது மரை என்று தனியாகக் குறிப்பிடுங்கள். அங்குல கியர் உள்ள எந்த லேத்திலும் இதை வெட்டலாம். பழைய திருகு ஒன்றாவது இருந்தால் மாதிரிக்குக் கொடுங்கள், அடி வார்ப்பை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.