மசக்கை மருந்தும் நீதிமன்றக் கணக்கும்

மசக்கையால் ஓயாமல் வாந்தியெடுக்கும் கர்ப்பிணிகளுக்காக 1956இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த மாத்திரை பெண்டெக்டின். டாக்ஸிலமின் என்னும் ஒவ்வாமை மருந்தும் வைட்டமின் பி6ம் அதன் முக்கியச் சரக்குகள். அதை உட்கொண்ட தாய்மார் சிலருக்குக் கைகால் குறையோடு குழந்தைகள் பிறந்ததால் மெரல் டவ் நிறுவனத்தின்மீது வழக்குகள் குவிந்தன; 1983இல் நிறுவனம் மருந்தை விலக்கிக்கொண்டது.

இத்தகைய வழக்கில் நிறுவனத்தின் வழக்குரைஞர் இரண்டு கேள்விகளைப் பிரித்து வைப்பார். இப்பொருளால் இக்கேடு மனிதருக்கு விளையக்கூடுமா என்பது ஒன்று. இந்தக் குழந்தைக்கு நேர்ந்தது அதனால்தானா என்பது மற்றொன்று. பெண்டெக்டின் தொடர்பாக வாதியின் பெயரால் டாபர்ட் வழக்கு எனப்படும் வழக்கில், 1,30,000க்கும் மேற்பட்டோரைப் பற்றிய முப்பதுக்கும் அதிகமான ஆய்வுகளில் ஒன்றுகூட மருந்தைக் குற்றம் சாட்டவில்லை என்று நிறுவனத்தின் நிபுணர் கூறினார். வாதிகள் தரப்பில் எட்டு நிபுணர்கள் விலங்குச் சோதனை, மருந்தின் வேதிக் கட்டமைப்பு, பழைய தரவுகளின் மறுகணக்கு ஆகியவற்றைக் காட்டினர். நிபுணரின் பட்டத்தை மட்டும் பார்க்காமல், அவருடைய முறை சோதிக்கத்தக்கதா, பிற அறிஞர்களின் பரிசீலனைக்கு உட்பட்டதா, அதன் பிழை அளவு என்ன என்பவற்றையும் நீதிபதி ஆராய வேண்டும் என்று 1993இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

வழக்கு கீழ் நீதிமன்றத்துக்குத் திரும்பியபோது, 1995இல், ஒரு கணக்கு முன்னுக்கு வந்தது. மருந்து உண்ணாத ஒரு லட்சம் தாய்மாரின் குழந்தைகளில் 50 பேருக்கு இக்குறை இருப்பதாக வைத்துக்கொள்வோம். உண்ட ஒரு லட்சம் பேரிடம் அது 75 ஆனால், மருந்தால் வந்தவை 25. குறையுள்ள எந்தக் குழந்தையை எடுத்தாலும் மருந்து காரணமாக இருக்கும் வாய்ப்பு மூன்றில் ஒன்றே. உரிமையியல் வழக்கில் வாதி பாதிக்கு மேல் வாய்ப்பைக் காட்ட வேண்டும் என்பதால், எண்ணிக்கை 100ஐத் தாண்டியாக வேண்டும். இரு மடங்கை ஏற்கத்தக்க முறையில் காட்டாததால் வாதிகள் தோற்றனர்.

இரு மடங்கு என்ற இந்த எல்லையை வகுத்தது சட்டம், அறிவியல் அன்று. கல்நார் தூசியால் வரும் மீசோதெலியோமா புற்றுநோய் மற்றவர்களிடம் மிக அரிது என்பதால் அங்கே இதே கணக்கு நிறுவனத்துக்கு எதிராகத் திரும்புகிறது. எனவே நோயாளி சுவாசித்தது யாருடைய கல்நார், எவ்வளவு என்ற வாதத்துக்கு நிறுவனங்கள் நகர்கின்றன. 75 பேர் கணக்கிலோ, மெய்யாகவே பாதிக்கப்பட்ட 25 குழந்தைகள் இருந்தும், அவர்கள் யார் யார் எனப் பிரித்தறிய வழியில்லாததால் ஒருவருக்கும் இழப்பீடு கிடைக்காது. இது எனக்குப் பெரும் அநீதியாகவே படுகிறது.

ஆயினும் அந்த அநீதியைப் பெண்டெக்டின் தீர்ப்பின்மீது ஏற்ற முடியாது. மருந்து விலக்கப்பட்ட பின்னும் பிறவிக் குறைகள் குறையவில்லை. மசக்கை முற்றி மருத்துவமனையில் சேர்ந்த பெண்களே கூடினர். அதே இரு சரக்குகள் கொண்ட மாத்திரைக்கு 2013இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் மீண்டும் அனுமதி வழங்கியது.