கரிம ஈடு: ‘ஆஃப்செட்’டுக்குத் தமிழ்

விமானச்சீட்டு வாங்கும்போது, பயணத்தில் வெளியாகும் கரியமில வாயுவுக்காகச் சிறு தொகை சேர்த்துக் கட்ட விருப்பமா என்று சில நிறுவனங்கள் கேட்கின்றன. அந்தத் தொகையால் வேறோர் இடத்தில் மரம் வளர்ப்பது போன்றவற்றைச் செய்து, வெளியான வாயுவை நேர்செய்வதற்குப் பெயர் ‘கார்பன் ஆஃப்செட்’.

ஆஃப்செட் என்றதும் தமிழருக்கு அச்சகம்தான் நினைவுக்கு வரும். இங்கே அச்சொல்லின் பொருள் வேறு. பற்றுக்கு எதிரே வரவை நிறுத்திக் கணக்கை நேர்செய்வது என்னும் பொருளில் அது 18ஆம் நூற்றாண்டிலிருந்தே ஆங்கிலத்தில் வழங்குகிறது. 1980களின் இறுதியில், அமெரிக்காவின் கனெக்டிகட்டில் நிலக்கரி மின்நிலையம் கட்டிய ஒரு நிறுவனம், அதன் புகைக்கு நேராகக் குவாத்தமாலாவில் மரம் வளர்க்கப் பணம் கொடுத்தபோது, அந்தக் கணக்குச் சொல் கரியமில வாயுவுக்கும் வந்தது. பருவநிலை மாற்றத்தைக் கட்டுப்படுத்த நாடுகள் செய்துகொண்ட 1997இன் கியோட்டோ நெறிமுறை, ஒரு டன் கரியமில வாயுவை ஓர் அலகாக்கி அதைப் பன்னாட்டுச் சந்தைக்குக் கொண்டுபோனது.

தமிழில் ‘கரிம ஈடு’ என்பதே பொருந்தும். கார்பனுக்கு மூலமான இலத்தீன் சொல்லும் கரியையே குறிப்பதால், கரியிலிருந்து பிறந்த ‘கரிமம்’ அதற்கு நேரான சொல். ‘ஈடு’க்கு இரண்டு பொருள்கள் இங்கே முக்கியம். ‘ஈடு இணையற்ற’ என்னும்போது அது ஒப்பு. நகையை ஈடு வைக்கும்போது அது அடகு. கடன் தீரும்வரை அடகுப்பொருள் அப்படியே இருந்தாக வேண்டும். வெளியிட்ட வாயுவில் ஒரு பங்கு நூற்றாண்டுகள் கடந்தும் காற்றில் நிற்கும்போது, முப்பதே ஆண்டில் வெட்டப்படும் மரம் அதற்கு எப்படி ஈடாகும்? (அந்த ஒரு டன் அலகுக்குப் பெயரான ‘கார்பன் கிரெடிட்’டைச் சிலர் ‘கார்பன் கடன்’ என்று எழுதுவது பிழை, அது வரவுப் பக்கத்தில் நிற்பது, ஆகவே ‘கரிம வரவு’.)

இந்தச் சொல்லின் எடையை நீலகிரியில் கண்ணால் பார்க்கலாம். மடிப்புகளில் சோலையும் மேடுகளில் புல்வெளியுமாக இருந்த மலையை வெற்று நிலமென்று எண்ணி, 19ஆம் நூற்றாண்டு முதல் கற்பூர மரத்தையும் (யூகலிப்டஸ்) சீகையையும் (வாட்டில்) நட்டார்கள். கிளென்மார்கனில் புல்வெளியில் கற்பூர மரம் நட்டுச் செய்த ஆய்வில், நட்டு வெட்டும் முதல் சுழற்சியிலேயே ஓடைக்கு வரும் நீர் ஏறத்தாழ 16 விழுக்காடு குறைந்தது. புல்லை வேரோடு பெயர்த்துப் பார்த்தால், ஈரம் பிடித்த கறுத்த மண் வேர்க்கொத்தில் அப்பிக்கொண்டு வரும். புல்வெளியின் கரிமம் பெரும்பாலும் அந்த மண்ணில்தான் இருக்கிறது. மேலே தீ ஓடினாலும் அதில் பெரும்பகுதி தப்பிவிடும். தோடர்கள் தங்கள் கோயில் கூரையை வேய்வதும் இந்த மலைப் புல்லைக் கொண்டுதான். அந்த இடத்தில் குழி தோண்டி மரக்கன்று நட்டு, அதை யாரோ ஒருவருடைய பயணத்துக்கு ஈடாக எழுதினால், மலை இழந்ததை எந்தப் பற்றில் எழுதுவது?

தன் புகைக்குத் தானே பொறுப்பேற்றுப் பணம் கட்டும் மனம் உயர்ந்தது. அதை நான் மதிக்கிறேன். ஆனால் குறைக்கக்கூடிய பயணத்தையும் எரிபொருளையும் குறைத்தபின் மிஞ்சுவதற்கே ஈடு கட்ட வேண்டும். இன்று நீலகிரியில் சீகையை அகற்றி, நாட்டுப் புல்லை நாற்றுவிட்டு மீண்டும் நடுகிறார்கள். பணம் அங்கே போகட்டும். ஆயினும் எவ்வளவு கரிமம் மண்ணில் சேர்ந்தது, அது நிலைத்து நிற்கிறதா என்று அளந்து காட்டும்வரை, அந்தப் பணத்தை ‘நன்கொடை’ என்று எழுதுவதே சரி. ‘ஈடு’ என்று எழுதக் கூடாது.