சுவரை ஒட்டாத மெத்தை

பாட்டு வகுப்பு எடுக்கும் வாசகி ஒருவர் எழுதியிருந்தார். வீட்டிலேயே பாடிப் பதிவு செய்து மாணவிகளுக்கு அனுப்புகிறவர். செல்போன் பதிவு திருப்தியாக இல்லையென்று, காசு சேர்த்து ஒரு கண்டென்சர் மைக் வாங்கியிருக்கிறார். வாங்கிய பிறகு நிலைமை இன்னும் மோசம். "கிணற்றுக்குள் இறங்கிப் பாடுகிற மாதிரி இருக்கிறது. 192 கிலோஹெர்ட்ஸில் பதிவு செய்கிற இன்டர்ஃபேஸ் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) வாங்கினால் சரியாகிவிடும் என்று கடையில் சொல்கிறார்கள். வாங்கட்டுமா?" என்பது கேள்வி. கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில் ஒரு வரி: அறை பத்துக்குப் பன்னிரண்டு, டைல்ஸ் தரை, சாமான் எதுவும் இல்லாத காலி அறை.

அந்தக் கடைசி வரியில்தான் பதிலே இருக்கிறது.

முதலில் 192 கிலோஹெர்ட்ஸை, அதாவது ஒலியை வினாடிக்கு 1,92,000 தடவை அளந்து மாதிரி எடுப்பதை, முடித்துவிடுவோம். ஓர் ஒலியை எண்களாக மாற்ற, அதன் மிக உயர்ந்த அதிர்வெண்ணைப் போல இரண்டு மடங்குக்கும் மேலான வேகத்தில் மாதிரி எடுத்தால் போதும். மனிதக் காது கேட்பது, அதுவும் இளம் வயதில், 20,000 ஹெர்ட்ஸ் வரை. 1982இல் விற்பனைக்கு வந்த சிடி வினாடிக்கு 44,100 மாதிரிகள் வைத்திருப்பது அதனால்தான். அதற்கு மேல் போவது வௌவாலுக்குப் பாடுகிறவர்களுக்குப் பயன்படலாம். ஒவ்வொரு மாதிரியையும் எவ்வளவு நுணுக்கமாக எழுதுவது என்பதற்கு 24 பிட் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், பதிவின் சத்த அளவைக் கொஞ்சம் குறைத்து வைத்தாலும் தரம் கெடாது. மற்றபடி கிணற்றுச் சத்தத்தை 192 கிலோஹெர்ட்ஸில் பதிவு செய்தால், அதே கிணறுதான் இன்னும் பெரிய ஃபைலாகக் கிடைக்கும்.

சரி, அந்த அறையில் உட்கார்ந்து பாடும்போது நமக்கே ஏன் கிணறு கேட்பதில்லை? ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். காலி அறையில் யாரையாவது பேசச் சொல்லிவிட்டு, ஒரு காதை விரலால் அடைத்துக்கொள்ளுங்கள். அறையின் முழக்கம் சட்டென்று கூடினாற்போல இருக்கும். விரலை எடுத்தால் அடங்கும். அறை மாறவில்லை; இரண்டு காதுகளுக்கும் சத்தம் வந்து சேர்வதில் உள்ள நுண்ணிய வித்தியாசங்களை வைத்து, வாயிலிருந்து நேராக வருவது எது, சுவரில் பட்டுத் திரும்புவது எது என்று மூளை பிரித்துவிடுகிறது. சுமார் 30 மில்லி வினாடிக்குள் வந்துசேரும் பிரதிபலிப்புகளை அது தனிச் சத்தமாக எண்ணாமல் முதல் சத்தத்தோடு சேர்த்துக்கொள்ளும். ஹெல்முட் ஹாஸ் என்ற ஜெர்மானியர் 1949இல் தம் முனைவர் பட்ட ஆய்வில் இதை அளந்து காட்டினார். பிறந்ததிலிருந்து இந்தக் கணக்கை நாம் போட்டுக்கொண்டே இருப்பதால், அறை என்ற ஒன்று பேசிக்கொண்டிருப்பதே நமக்குத் தெரிவதில்லை. மைக்குக்கு ஒரே காது, மூளையும் இல்லை. வந்ததையெல்லாம் அப்படியே எழுதிக்கொள்கிறது. நல்ல மைக் என்றால் இன்னும் நுணுக்கமாக எழுதிக்கொள்ளும். நம் வாசகிக்கு நடந்தது அதுதான். மைக் நல்லதாக இருந்ததால் அறையும் நன்றாகக் கேட்டது.

எவ்வளவு நன்றாக? உயரமும் பத்தடி என்று வைத்துக்கொண்டால் அந்த அறையின் கொள்ளளவு சுமார் 34 கன மீட்டர், சுவர், தரை, கூரை எல்லாம் சேர்ந்து 63 சதுர மீட்டர். நம்மூர் வெயிலில் ஒலியின் வேகம் வினாடிக்கு ஏறக்குறைய 349 மீட்டர். கணக்குப் போட்டால், ஓர் ஒலி அலை ஒரே வினாடியில் சராசரியாக 160 தடவை எதிலாவது மோதுகிறது. சிமெண்ட் பூச்சும் டைல்ஸும் ஒவ்வொரு மோதலிலும் எடுத்துக்கொள்வது நூற்றில் இரண்டு பங்குதான். மீதி 98 பங்கு அறைக்கே திரும்பிவிடும். "ச" என்று பாடி வாயை மூடிய பிறகும் அந்த "ச" நான்கு வினாடிக்கு மேல் அறைக்குள் சுற்றிக்கொண்டிருக்கும். ஆள், கதவு, ஜன்னல் எல்லாம் கொஞ்சம் குறைக்கும் என்றாலும், அடுத்த ஸ்வரம் முந்தைய ஸ்வரத்தின் மேல்தான் வந்து விழும்.

இந்தக் கணக்கை உலகத்துக்குக் கொடுத்தவர் வாலஸ் சேபின். 1895இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகம் ஃபாக் கலைக்கூடத்தில் ஒரு விரிவுரை மண்டபம் கட்டியிருந்தது. அங்கே யார் பேசினாலும் ஒரு சொல்கூடப் புரியவில்லை. சரிசெய்யச் சொல்லி இருபத்தேழு வயது உதவிப் பேராசிரியரான சேபின் தலையில் கட்டினார்கள். அவரிடம் இருந்த கருவிகள்: 512 ஹெர்ட்ஸ் ஒலிக்கும் ஓர் ஆர்கன் குழாய், நேரம் பார்க்க ஒரு கடிகாரம், தன் காது. பக்கத்திலிருந்த சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் தூக்கிவந்து பரப்பி, குழாயை ஊதி நிறுத்தி, சத்தம் முழுதாக அடங்க எத்தனை வினாடி என்று அளப்பார். விடிவதற்குள் மெத்தைகளைத் திருப்பி வைத்தாக வேண்டும். வெறும் மண்டபத்தில் ஐந்தரை வினாடிக்கும் மேல் ஆனது, மெத்தை கூடக்கூடக் குறைந்துகொண்டே வந்தது. தான் போட்டிருக்கும் உடையே ஒலியை உறிஞ்சி அளவைக் கெடுக்கிறது என்று கண்டுபிடித்து, பிறகு எல்லாச் சோதனைக்கும் ஒரே உடையோடு வந்தார். ஒலியை உறிஞ்சுவதற்கு அவர் வைத்துக்கொண்ட அளவுகோல் எனக்கு ரொம்பப் பிடிக்கும்: திறந்த ஜன்னல். அதன் வழியே போன ஒலி திரும்பி வராது அல்லவா? எனவே ஒரு சதுர மீட்டர் திறந்த ஜன்னல் ஓர் அலகு. மற்ற எல்லாப் பொருளையும் "இது எத்தனை ஜன்னலுக்குச் சமம்" என்று சொல்லிவிடலாம்.

அப்படியானால் நம் வாசகியின் அறைக்கு வேண்டியது மெத்தை. ஆனால் எங்கே மாட்டுவது? இங்கேதான் எனக்குப் பிடித்த சமாச்சாரம் வருகிறது.

கூட்டம் பிதுங்கும் டவுன் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். டிரைவர் பிரேக் போட்டுப் போட்டு எடுக்கிறார். நடுவில் நிற்பவர்கள் முன்னும் பின்னும் ஆடுகிறார்கள். தடுப்புக் கம்பியை ஒட்டி நிற்பவரைப் பாருங்கள். அவர் ஆடவே முடியாது, எங்கே நகர்வது? ஆனால் எல்லாரையும்விட அதிகமாக நசுங்குகிறவர் அவர்தான். ஒலி அலை சுவரில் மோதும்போது காற்றுக்கும் இதே கதி. சுவரை ஒட்டிய காற்றில் அழுத்தம் உச்சம், அசைவு பூஜ்யம். சுவரிலிருந்து அலைநீளத்தில் கால் பங்கு தள்ளி வந்தால் நிலைமை தலைகீழ்: அங்கே அசைவு உச்சம்.

பஞ்சு ஒலியை எப்படித் தின்கிறது என்று இப்போது பாருங்கள். காற்று இழைகளுக்கு நடுவே புகுந்து முன்னும் பின்னும் ஓடும்போது இழைகளில் உரசுகிறது. உரசலில் ஒலியின் ஆற்றல் வெப்பமாகிவிடுகிறது. மெத்தை சூடேறுமோ என்று பயப்பட வேண்டாம், மனிதக் குரலின் ஆற்றல் அவ்வளவு சொற்பம். உரச வேண்டுமானால் காற்று ஓட வேண்டும். சுவரை ஒட்டிய காற்று ஓடுவதில்லை. அப்படியென்றால் சுவரோடு ஒட்டி வைத்த மெத்தையின் உட்பக்கப் பஞ்சு அநேகமாகச் சும்மா இருக்கிறது, வெளிப்பக்கம் மட்டும்தான் வேலை செய்கிறது!

எண்களில் பார்த்தால் இன்னும் அழகு. 1,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 35 சென்டிமீட்டர், கால் பங்கு 9 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. மூன்றங்குல மெத்தையைச் சுவரில் ஒட்டி மாட்டினால் அது முழுத் திறமையையும் காட்டுவது 1,150 ஹெர்ட்ஸ் அளவிலும் அதற்கு மேலும்தான். அதே மெத்தையை நான்கங்குலம் தள்ளித் தொங்கவிட்டால் அந்த எல்லை 490 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். பஞ்சு ஒரு கைப்பிடிகூடக் கூடவில்லை. பின்னால் இருக்கும் வெறும் காற்றுதான் இந்த லாபத்தைத் தருகிறது. ஐந்தரைக் கட்டையில் பாடுகிற ஒரு பெண்ணின் மத்திய ஸ்தாயி ஸட்ஜம் சுமார் 207 ஹெர்ட்ஸ், அதன் கால் அலைநீளம் 42 சென்டிமீட்டர். ஒண்ணரை அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவு இடம் எங்கே இருக்கிறது? அறையின் மூலையில் இருக்கிறது. மெத்தையை மூலையில் குறுக்காக நிறுத்தினால் பின்னால் முக்கோணமாக ஒரு காற்றறை தானாகக் கிடைத்துவிடும்.

இதைத் தெரிந்துகொள்ளாமல் நானும் கெட்டிருக்கிறேன். பல வருடங்களுக்கு முன் ஓரங்குல ஃபோம் சதுரங்களை வாங்கி ஒரு சுவர் முழுக்கப் பசை போட்டு ஒட்டினேன். ஓரங்குலத்துக்குக் கால் அலைநீளக் கணக்கு 3,400 ஹெர்ட்ஸ். "ஸ", "ஷ" எல்லாம் மங்கிப்போய், அடிக்குரல் மட்டும் பானைக்குள்ளிருந்து வருகிற மாதிரி மிச்சம் நின்றது. பிய்த்தபோது பெயின்ட்டும் கூடவே வந்தது, வீட்டில் அதற்குக் கிடைத்த அர்ச்சனை தனி. மெல்லிய ஜன்னல் திரைக்கும் இதே குறைதான்.

முட்டை அட்டையைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாவம். முட்டை அட்டையைச் சுவரில் ஒட்டினால் ஸ்டுடியோ ஆகிவிடும் என்பது நம்மூரில் மட்டுமல்ல, உலகெங்கும் ஓடும் மூடநம்பிக்கை. எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டித் தொங்கவிடுவதோடு இதை ஒப்பிட மாட்டேன், அதில் தீ விபத்து அபாயமாவது குறைவு. மெல்லிய காகிதக் கூழ் அட்டை உயர் அதிர்வெண்களைக் கொஞ்சம் சிதறடிக்கும். குரலின் அடித்தளத்தை ஒன்றும் செய்யாது. பக்கத்து வீட்டு மிக்ஸி சத்தத்தையும் தடுக்காது. மெத்தையும் தடுக்காதுதான். வெளிச்சத்தத்தை நிறுத்தக் கனமான சுவரும் சந்து இல்லாத கதவும் வேண்டும், அது வேறு சாஸ்திரம்.

இந்தக் கணக்கெல்லாம் போடும்போது ஒரு ஆதங்கம் வரும். புத்தக அட்டவணைகளில் வெளிநாட்டுக் கார்ப்பெட், ஜிப்சம் பலகை, கண்ணாடிக் கம்பளி எல்லாவற்றுக்கும் உறிஞ்சு எண் இருக்கிறது. இலவம்பஞ்சு மெத்தைக்கும் பவானி ஜமுக்காளத்துக்கும் கோரைப்பாய்க்கும் தேடினால் கை சலிக்கிறது. தென்னை நாரை வைத்துச் சில நல்ல ஆய்வுகள் நடந்திருக்கின்றன. மிருதங்கத்தின் நடுவில் வட்டமாகப் பூசும் கருப்புச் சாதம், அடிச்சுரத்தோடு சேர்ந்து ஒலிக்கும் மேற்சுரங்களை எப்படி ஒழுங்குபடுத்துகிறது என்று சி.வி. ராமன் 1920லேயே எழுதிய நாடு இது. பொருளை அளக்கத் தேவை சத்தம் வெகுநேரம் சுற்றிவரும்படி கட்டிய ஒரு எதிர்முழக்க அறை, சில மைக்குகள், சம்பளம் வாங்கும் இரண்டு ஆராய்ச்சி மாணவர்கள். ராக்கெட் செலவில்லை. வகுப்பறைகளில் ஆசிரியர் தொண்டை கிழியக் கத்துவதைக் குறைக்கவும் அதே எண்கள் உதவும் என்பதால், இதற்குக் காசு ஒதுக்குவதை நான் ஆடம்பரமாக நினைக்கவில்லை.

சரி, வாசகியின் அறைக்கு வருவோம். ஆறடிக்கு நாலடி மெத்தை நான்கு. ஒன்றை அவர் முதுகுக்குப் பின்னால், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி. இதய வடிவில், அதாவது முன்பக்கத்தை அதிகமாகவும் பின்பக்கத்தைக் குறைவாகவும் கேட்கும் மைக் பாடுகிறவரை நோக்கித்தான் காதைத் திருப்பி வைத்திருக்கிறது, அவருக்குப் பின்னால் இருக்கும் சுவரும் அந்தத் திசையில்தான் இருக்கிறது. இரண்டை மூலைகளில் குறுக்காக. ஒன்றைப் பக்கச் சுவருக்கு. சேபின் கணக்குப்படி முழக்கம் முக்கால் வினாடி அளவுக்கு இறங்கும். காசில்லாமல் இன்னொரு வேலையும் செய்யலாம்: மைக்கை இரண்டடியிலிருந்து அரையடிக்கு இழுத்துக்கொள்வது. தூரம் நாலில் ஒன்றாகும்போது நேர்க்குரல் 12 டெசிபல் கூடும், அறையின் முழக்கம் அப்படியே நிற்கும். ரொம்பக் கிட்டே போனால் இவ்வகை மைக் அடிக்குரலைத் தூக்கிக் காட்டும், "ப" வரும்போதெல்லாம் காற்று டொம்மென்று அடிக்கும். மைக்கைக் கொஞ்சம் பக்கவாட்டில் வைத்து, வாய்க்கும் அதற்கும் நடுவே ஒரு வலைத்துணி வளையம் வைத்தால் போதும்.

கேட்பதற்கு ஸ்பீக்கர் வைத்திருப்பவர்களுக்கும் பஸ் கதைதான். அகலமும் உயரமும் பத்தடியாக இருக்கும் அறையில் இரண்டு திசைக்கும் ஒரே 57 ஹெர்ட்ஸில் நிலையலை, அதாவது எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே நகராமல் நின்று ஆடும் அலை, உண்டாகும், ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்காரும். அதன் கால் அலைநீளம் ஒண்ணரை மீட்டர், எந்த மெத்தையும் செல்லுபடியாகாது. ஆனால் நாற்காலியை நகர்த்தலாமே. சுவரை ஒட்டி உட்கார்ந்தால் பேஸ் திம்திம்மென்று அடிக்கும், அறையின் நட்டநடுவில் காணாமலே போகும். இரண்டுக்கும் இடையில் நல்ல இடம் ஒன்று இருக்கும், பாட்டை ஓடவிட்டு நாற்காலியோடு அலைந்துதான் கண்டுபிடிக்க வேண்டும். ஸ்பீக்கரையும் மூலையில் திணிக்காதீர்கள். தங்க முலாம் பூசிய ஒயருக்கு வைத்திருந்த பணத்தை வீட்டுக்காரரிடமோ வீட்டம்மாவிடமோ கொடுத்து, ஸ்பீக்கரை ஒன்றரை அடி முன்னால் நகர்த்த அனுமதி வாங்குங்கள்.

வாசகி இப்போது இன்னொன்றும் கேட்கலாம்: ஜன்னலே முழு அலகு என்றால் மெத்தைக்குப் பதில் ஜன்னலைத் திறந்து வைத்தால் என்ன? பௌதிகப்படி மறுப்பே இல்லை. விடியற்காலை நாலரை மணிக்கு, ஃபேனை அணைத்துவிட்டு முயன்று பாருங்கள். ஐந்தரைக்குப் பால் வண்டி வரும்.