டிக்கியில் எத்தனை லீற்றர்?

காருக்கு சப்வூஃபர், அதாவது ஆழமான பேஸ் ஒலிக்கென்றே உள்ள ஸ்பீக்கர், போட ஆசைப்பட்டு கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைப் பக்கம் போகிறவர்கள் முதலில் கேட்பது, "10 இஞ்சியா, 12 இஞ்சியா?" என்றுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: டிக்கியில் எத்தனை லீற்றர் இடம் விட்டுக்கொடுக்க முடியும்? வாகன் ஆர், ஆல்டோ, விட்ஸ் வைத்திருப்பவருக்கு வெள்ளவத்தைச் சந்தையில் வாங்கிய மரக்கறிப் பையும் அதே டிக்கியில்தானே போக வேண்டும்.

இடம் பிடிப்பது சப்வூஃபரைப் பூட்டும் பெட்டிதான். அந்தப் பெட்டி எதற்கு? ஸ்பீக்கரின் கூம்பு முன்னால் நகரும்போது முன்பக்கக் காற்று நெருங்குகிறது, பின்பக்கக் காற்று தளர்கிறது. இரண்டும் சந்தித்தால் ஒன்றையொன்று அழித்துவிடும். 40 ஹேர்ட்ஸ் (நொடிக்கு 40 அதிர்வு) ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய எட்டரை மீற்றர். அவ்வளவு நீண்ட அலைக்கு ஒரு ஸ்பீக்கரின் விளிம்பைச் சுற்றி வருவது தூரமே இல்லை. அதனால்தான் பின்பக்க ஒலியை அடைத்து வைக்கிறோம்.

அடைபட்ட காற்று சும்மா இருக்காது. சைக்கிள் பம்பின் வாயைப் பெருவிரலால் பொத்திக்கொண்டு அழுத்திப் பாருங்கள், கையைத் திருப்பித் தள்ளும். பெட்டிக்குள் இருக்கும் காற்றும் அப்படித்தான் கூம்புக்கு ஒரு வில்லாக நிற்கிறது. 1954இல் வந்த ஏஆர்-1 ஸ்பீக்கரில் எட்கர் வில்ச்சர் இதையே பயன்படுத்தினார். கூம்பைத் தாங்கும் பகுதியை வேண்டுமென்றே தளர்வாக விட்டு, வில் வேலையைக் காற்றிடம் கொடுத்தார்.

பெட்டி சிறுக்கச் சிறுக்க அந்த வில் இறுகும். 12 இஞ்சியைப் போதாத பெட்டியில் திணித்தால் அதன் ஒத்ததிர்வு, அதாவது அது தானாகவே கூடுதலாக அதிரும் அதிர்வெண், மேலே ஏறி, அந்த இடத்தில் ஒலி மேடுகட்டி நிற்கும். தவிலின் தொப்பியில் விழும் அடி அங்கேயே நிற்காமல் "பூம்" என்று இழுபடும். அதற்குக் கீழே உள்ள ஆழமான பேஸ் மெலிந்துபோகும். சரியான பெட்டியில் இருக்கும் 10 இஞ்சி, இறுக்கிப் பூட்டிய 12 இஞ்சியை விட நன்றாகக் கேட்கும் என்று நான் சொல்வது இதனால்தான்.

இப்போது அளந்து பார்ப்போம். வெளி அளவு 45 செ.மீ. அகலம், 30 உயரம், 35 ஆழம் என்று ஒரு பெட்டி. வெளியே கணக்குப் போட்டால் 47 லீற்றர். மரநாரை அமுக்கிச் செய்த 18 மில்லிமீற்றர் எம்.டி.எஃப் பலகையில் அடித்தால் உள்ளே மிஞ்சுவது 34 லீற்றர்தான். கால்வாசிக்கு மேல் பலகையே தின்றுவிடுகிறது! ஸ்பீக்கரின் காந்தமும் சட்டகமும் இன்னும் இரண்டு லீற்றரளவு எடுத்தால் மிச்சம் 32. மூடிய பெட்டியில் பல 10 இஞ்சிகளுக்கு 18 முதல் 28 லீற்றர் போதும், 12 இஞ்சிகளுக்குப் பெரும்பாலும் 25 முதல் 40 வேண்டும். உங்கள் ஸ்பீக்கரோடு வரும் தாளில் சரியான அளவு இருக்கும், அதைத்தான் நம்ப வேண்டும்.

சரி, இதே பெட்டியில் குழாய் வைத்துத் துளைப் பெட்டியாக்கினால்? குழாயிலுள்ள காற்றும் சேர்ந்து அதிர்வதால் குறித்த அதிர்வெண்ணை ஒட்டிச் சத்தம் கூடும். ஆனால் 32 லீற்றரை 35 ஹேர்ட்ஸுக்கு இசைக்க, 7.5 செ.மீ. விட்டக் குழாய் 29 செ.மீ. நீளம் வேண்டும். பெட்டியின் உள் ஆழமோ 31. குழாயின் வாய் பின்சுவரோடு முட்டாத குறைதான். அந்த ஒடுங்கிய குழாயில் காற்று "புஸ்" என்று இரைவதால் 10 செ.மீ. குழாய்க்குப் போனால் நீளம் 54 செ.மீ. ஆகிவிடும். எப்படி வளைத்தாலும் குழாயே பெட்டிக்குள் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். போதாததற்கு, இசைத்த அதிர்வெண்ணுக்குக் கீழே கூம்பைப் பிடித்து நிறுத்த வில் கிடையாது. அந்தக் கீழ் ஒலிகளை வெட்டும் வடிகட்டி போடாமல் சத்தத்தைக் கூட்டினால் ஸ்பீக்கர் அடிபடும்.

சின்னக் காரில் மூடிய பெட்டிக்குக் காரே கை கொடுக்கிறது. மூடிய பெட்டியின் ஒலி அதன் ஒத்ததிர்வுக்குக் கீழே ஒரு ஒக்டேவுக்கு, அதாவது அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு தடவையும், 12 டெசிபல் வீதம் இறங்கும். காரின் உட்பகுதி அலையின் பாதி நீளத்தை விடச் சிறிதாகிவிட்டால், அதாவது ஏறக்குறைய 65 ஹேர்ட்ஸுக்குக் கீழே, உள்ளிருக்கும் காற்று மொத்தமும் ஒன்றாக அமுங்கி ஒலி கூடும். கோட்பாட்டில் இதுவும் ஒக்டேவுக்கு 12 டெசிபல். கதவு இடுக்குகளும் தகடுகளின் அதிர்வும் கொஞ்சத்தைத் தின்றுவிட்டாலும், இழந்ததில் நல்ல பங்கு திரும்பக் கிடைக்கும். வீட்டு ஹோலில் இந்த உதவியை இந்த அளவுக்கு எதிர்பார்க்க முடியாது.

இடம் கொஞ்சம் குறைந்தால் தலையணைக்குப் போடும் பொலியெஸ்டர் பஞ்சைப் பெட்டிக்குள் தளர்வாக நிரப்பலாம். காற்றின் வெப்பத்தை அது உள்வாங்குவதால் வில் சற்று மென்மையாகி, பெட்டி கொஞ்சம் பெரிதானது போல நடந்துகொள்ளும். கொழும்பு ஈரக்காற்றில் எம்.டி.எஃப் ஊதும், ஆகவே வெட்டிய விளிம்புகளுக்கு உள்ளும் புறமும் பெயின்ற் கட்டாயம். அப்புறம், அக்வா, பிரியஸ் போன்ற ஹைப்ரிட்களில் பற்றரியைக் குளிரவைக்கும் காற்று வழி பின் இருக்கையோரம்தான் இருக்கிறது. பெட்டியோ வயரோ அதை மறைக்கக் கூடாது. பலகை வெட்டக் கொடுக்குமுன் காட்போர்ட்டில் அதே அளவில் ஒரு பெட்டி ஒட்டி டிக்கியில் வைத்து, கதவு மூடுகிறதா, ஸ்பெயார் வீலை எடுக்க முடிகிறதா என்று பாருங்கள்.