இளங்குதிரை உங்கள் பிள்ளைக்கு வாத்தியார் இல்லை

யலஹங்கா பக்கம் ஒரு லாயத்திலிருந்து போன வாரம் அழைப்பு. "டாக்டர், குதிரை ரொம்பப் பிடிவாதம் பிடிக்குது. தலையைத் தூக்கித் தூக்கி ஆட்டுது. பொண்ணு விழுந்துட்டா." 4 வயது தரோபிரெட், அதாவது ரேஸுக்கென்றே வளர்க்கும் இனம். ரேஸ் சீசன் முடிந்ததும் மலிவாக வந்தது. அதுவரை அந்தப் பெண் ஓட்டியது தடை தாண்டும் ஷோ ஜம்பிங்கில் பழம் தின்று கொட்டை போட்ட 17 வயதுக் குதிரைக் கிழவனை. அவனுக்கு மூட்டு வலி. சரி, இளசாக ஒன்று வாங்கிவிடலாம் என்று வாங்கியிருக்கிறார்கள். பெங்களூரில் ஒவ்வொரு சீசன் முடிவிலும் எனக்கு இந்தக் கதை வரும், ஆட்கள்தான் வேறு.

வாயைத் திறந்து டார்ச் அடித்தேன். கடைவாயில் ஒரு பால்பல் விழவும் இல்லாமல் நிற்கவும் இல்லாமல் தொங்கியது. 4 வயதில் இது சாதாரணம். 5 வயதில்தான் குதிரைக்கு முழுப்பல் வரிசை. பிடிவாதத்தை அடக்குவதற்கென்று யாரோ சொல்லிக் கடுமையான பிட் (கடிவாளத்தில் வாய்க்குள் போகும் துண்டு) வேறு மாட்டியிருந்தார்கள். உதட்டோரம் இரண்டு பக்கமும் புண். இடுக்கி போட்டதும் பல் கையோடு வந்துவிட்டது. அப்பா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுக்குத்தானா டாக்டர் இவ்வளவும்?"

இதற்கு மட்டும் இல்லை.

"ரெண்டும் சின்னது, சேர்ந்தே கத்துக்கும்" என்று ஒரு பேச்சு இருக்கிறதே, அதை எந்தப் புண்ணியவான் கிளப்பிவிட்டாரோ! ஐயா, சேர்ந்து கற்றுக்கொள்ளாது. கிழக்குதிரை இத்தனை நாளும் உங்கள் மகளின் தப்பையெல்லாம் மூடி மறைத்தது. தடைக்கு முன்னால் அவள் தடுமாறினால் அதுவே காலடியைச் சரிபண்ணித் தாண்டும். அவள் கடிவாள வாரைத் தெரியாமல் இழுத்தால் பொறுத்துக்கொள்ளும். அவள் எடை ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கமே நகர்ந்து அவளைத் தாங்கும். மெடல் அவள் கழுத்தில் விழுந்தது, பாதி வேலை செய்தது அது. இளங்குதிரைக்கு இதில் ஒன்றுமே தெரியாது. அதற்கு ஒவ்வொரு இழுப்பும் ஒரு பாடம், தப்பான இழுப்பும் பாடம்தான். அதையும் அப்படியே கற்றுக்கொள்ளும்.

ரேஸ் குதிரைக்கு இன்னும் ஒரு படி மேலே. வாரை இறுக்கினால் அதில் சாய்ந்துகொண்டு வேகம் எடுப்பதுதான் அது பழகிய வழக்கம். உங்கள் பெண் பயந்து இழுக்கிறாள், அது ஓடுகிறது, அவள் இன்னும் இழுக்கிறாள். ஏறும்வரை அசையாமல் நின்று பழக்கமில்லை. சேணத்தில் முழு எடையோடு உட்காரும் ஆளும், விலாவில் தொங்கும் கால்களும் அதற்குப் புதுசு. இதற்குப் பெயர் பிடிவாதமா?

குதிரையேற்ற வீரர் ஃபவாத் மிர்சா நம் ஊர்க்காரர். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் இரண்டு வெள்ளி, டோக்கியோ ஒலிம்பிக்கில் 23ஆம் இடம். அவருக்கு அமைந்த சென்யோர் மெடிகாட், ஜெர்மனியின் பெட்டினா ஹோய் ஓட்டிப் பெரிய போட்டிகள் பார்த்த குதிரை. அவர் மட்டத்திலேயே அப்படி. உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் ஏன் பழகாத குதிரை?

இன்னொன்று எலும்பு. "முட்டி எக்ஸ்ரே எடுத்தாச்சு, மூடியாச்சு" என்று படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். முன்னங்கால் முட்டிக்கு மேலே உள்ள வளர்தட்டு, அதாவது எலும்பு வளரும் குருத்தெலும்புப் பகுதி, இரண்டு, இரண்டரை வயதிலேயே எலும்பாகி மூடிவிடும். நீங்கள் உட்காரும் முதுகெலும்புக்கு ஐந்தரை, ஆறு வயது ஆகும். ஒலிம்பிக் ஷோ ஜம்பிங்கில் 9 வயதுக்குக் குறைந்த குதிரையை உள்ளேயே விடமாட்டார்கள். நீங்கள் 4 வயதுக் குதிரைக்கு ஞாயிறுதோறும் தடையை ஏற்றுகிறீர்கள்.

வாங்கித் தொலைத்துவிட்டீர்களா? முதல் சில மாதம் பயிற்சியாளர் ஓட்டட்டும். பெண் கிழவன் மேலேயே கற்றுக்கொள்ளட்டும். மெதுவாக நடப்பது அவன் மூட்டுக்கும் நல்லது, லாயத்தில் கட்டிப்போட்டால் இன்னும் இறுகிப்போகும். வெளியே கூட்டிப் போகும்போது கிழவன் முன்னால், இளசு பின்னால். ஒரு அமர்வு 20 நிமிடம் போதும். ரேஸில் கொடுத்த ஓட்ஸை அப்படியே கொட்டாதீர்கள், புல்லைக் கூட்டுங்கள். 5 வயதுவரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பல் பாருங்கள். வேலை செய்யச் செய்ய முதுகுச் சதை மாறும், பழைய சேணம் கடிக்கும்; அதையும் பாருங்கள். குதிரையைப் பராமரிக்கும் சைஸ் தம்பி "முதுகைத் தேய்ச்சா காதை மடக்குதுங்க" என்று சொன்னால் தயவுசெய்து காதில் போட்டுக்கொள்ளுங்கள். என்னைவிட அவர்தான் அந்தக் குதிரையைத் தினமும் தொடுகிறார். தலைக்கவசம் இல்லாமல் யாரையும் ஏற்றாதீர்கள், அப்பாவையும் சேர்த்துத்தான்.

இனிமேல்தான் வாங்கப் போகிறீர்கள் என்றால், பரிசோதனைக்கு என்னை முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் கூப்பிடுங்கள். நான் வரும்வரை குதிரை லாயத்திலேயே நிற்கட்டும். ஓட்டிச் சூடாக்கி வைத்துவிட்டால் லேசான நொண்டல் மறைந்துவிடும். விற்பவருக்கு அது நன்றாகவே தெரியும்.