துப்பாக்கிக் கட்டைக்குத் தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம்

கூடலூர்ப் பக்கத்து எஸ்டேட் ஒன்றிலிருந்து போன வாரம் ஒரு ட்வெல்வ் போர் டபுள் பேரல், அதாவது இரட்டைக் குழல் துப்பாக்கி, ரிப்பேருக்கு வந்தது. தாத்தா காலத்து இங்கிலாந்துத் துப்பாக்கி, அருமையான வால்நட் கட்டை. குழலுக்கு அடியில் இருக்கும் முன்கட்டையைக் கழற்ற முடியவில்லை. மரம் ஊதி இரும்போடு இறுகியிருந்தது. யாரோ ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பியதில் ஓரம் சிலும்பாகப் பெயர்ந்திருந்தது. ஒருவழியாக, தோட்டாவை வெடிக்க வைக்கும் இரும்புப் பகுதியான ஆக்‌ஷனைப் பிரித்தால், அதன் பின்னால் கட்டையின் தலைப்பகுதி கன்னங்கரேல் என்று இருக்கிறது. நகத்தால் அழுத்தினால் நகம் பதிகிறது. அங்கிருந்து கைப்பிடி வரை மெல்லிய விரிசல். "வாரம் தவறாம தேங்காய் எண்ணெய் போட்டுத்தானே சார் வச்சிருந்தேன்?" என்கிறார் வைத்திருப்பவர். கெடுத்ததே அந்த எண்ணெய்தான் என்று சொன்னால் நம்ப மறுக்கிறார்.

ஒவ்வொரு மழைக்கும் இதே கதைதான். வால்பாறை, கூடலூர், கொடைக்கானல் என்று மலையிலிருந்து வருவதும் இப்படித்தான், கடற்கரை ஊர்களிலிருந்து வருவதும் இப்படித்தான். லைசன்ஸ் புதுப்பிப்பதில் காட்டும் அக்கறையில் கால்வாசியை மரத்துக்குக் காட்டினால் போதும், இந்தத் துப்பாக்கிகள் இன்னும் இரண்டு தலைமுறைக்கு ஓடும்.

முதலில் எண்ணெய் விஷயத்தைப் பேசிவிடுவோம், ஏனென்றால் எல்லோரும் வழுக்குகிற இடம் அதுதான். எண்ணெய் போட்டால் தண்ணீர் ஒட்டாது, அதனால் மரத்துக்கு எண்ணெய் நல்லது என்று நினைக்கிறார்கள். எண்ணெயில் இரண்டு வகை உண்டு. ஆளிவிதை எண்ணெய், அதாவது கடையில் லின்சீட் ஆயில் என்று கேட்டு வாங்குவது, காற்றுப் பட்டால் மெல்ல இறுகிப் படலமாகிவிடும். தேங்காய் எண்ணெயும் விளக்கெண்ணெயும் எத்தனை வருடமானாலும் இறுகாது. நல்லெண்ணெயையும் நம்ப முடியாது, பிசுபிசுப்பாகவே நிற்கும். இறுகாத எண்ணெய் மரத்துக்குள் ஊறும், சிக்கு வாடை அடிக்கும், தூசியைப் பிடிக்கும், பூஞ்சணத்துக்கு இரையாகும். தையல் மெஷின் எண்ணெயும் துப்பாக்கி எண்ணெயும் இரும்புக்கானவை. மரத்தில் இறங்கினால் நார் தளர்ந்துபோகும். சுடும்போது வரும் உதை முழுவதையும் தாங்குவது அந்தத் தலைப்பகுதி. அது தளர்ந்துவிட்டால் மீதி மரம் எவ்வளவு உறுதியாக இருந்தும் என்ன பயன்?

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். லின்சீட் ஆயிலே ஆனாலும் அது ஈரத்தைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். காற்றில் இருக்கும் ஈரம் எந்த எண்ணெய்ப் பூச்சையும் தாண்டி உள்ளே போய்விடும். ஆகவே மேலே பத்துக் கோட்டு அடித்துவிட்டு, தோளில் பதியும் பின்முனைத் தகடான பட் பிளேட்டுக்கு அடியிலும் ஆக்‌ஷன் உட்காரும் குழியிலும் மரத்தைப் பூச்சே இல்லாமல் அப்படியே விடுவதில் பொருளே இல்லை. மரம் ஈரத்தை அதிகம் குடிப்பது நாருக்குக் குறுக்கே வெட்டிய வெட்டுமுகம் வழியாகத்தான், பக்கவாட்டில் குடிப்பதைவிடப் பல மடங்கு வேகமாக. துப்பாக்கியைப் பிரிக்கும்போது அந்த மறைவான இடங்களுக்கு மெல்லியதாக இரண்டு மூன்று கோட்டு கொடுக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு கோட்டும் நன்றாகக் காய்ந்த பிறகுதான் அடுத்தது. நீங்களே செய்தால், லின்சீட் ஆயில் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். அது தானாகச் சூடாகித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப் போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள்.

அப்புறம், நிறுத்தி வைக்கும் விதம். சுத்தம் செய்து குழலுக்கு எண்ணெய் விட்டவுடன் வாயை மேலே வைத்துச் சாய்த்தால், மிச்ச எண்ணெய் முழுக்க வழிந்து ஆக்‌ஷனுக்கும், அங்கிருந்து கட்டையின் தலைக்கும் இறங்கும். தேங்காய் எண்ணெயே தொடாத வீட்டிலும் கட்டை கறுப்பது இதனால்தான். குண்டு இல்லை என்று உறுதி செய்துகொண்டு, வாய் கீழே இருக்கும்படி ஒரு துணி மேல் நிறுத்துங்கள். அதிகப்படி எண்ணெயைத் துடைத்துவிடுங்கள். விரலில் பட்டும் படாமலும் இருந்தால் போதும்.

உறை விஷயத்தில் கெஞ்சிக் கேட்கிறேன். தோல் உறை, கம்பளி உறை, ஸ்பாஞ்சு வைத்த பெட்டி எல்லாம் எடுத்துப் போவதற்கு மட்டுமே. அவை ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். மாதக்கணக்கில் உள்ளே கிடந்தால் மரத்தில் பூஞ்சணம், மரத்தைத் தொடும் இரும்பில் துரு. பாலிதீன் சுற்றுவது அதைவிட மோசம். மரம் நேரடியாக இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும் என்பதற்கு ஒரு பழைய உதாரணம் உண்டு. 1960களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் ப்ரௌனிங் கம்பெனி உப்பு வைத்து உலர்த்திய வால்நட்டைக் கட்டைக்குப் பயன்படுத்தியது. மரத்தில் தங்கிய உப்பு காற்றின் ஈரத்தை உறிஞ்சியது, மூடியிருந்த இடத்திலெல்லாம் இரும்பு அரித்தது. துப்பாக்கி வைத்திருந்தவர்கள் கட்டையைக் கழற்றிய பிறகுதான் பலருக்கு அது தெரிந்தது.

சரி, எங்கே வைப்பது? சுற்றியுள்ள காற்றின் ஈரப்பதம் 50 சதவீதமாக இருந்தால் மரத்தில் சுமார் 9 சதவீதம் ஈரம் நிற்கும். அதுவே 80 சதவீதத்திலேயே நீடித்தால் 16 வரை ஏறும். அந்த ஏற்றத்தில், வால்நட் 5 சென்டிமீட்டர் அகலத்தில் 1 மில்லிமீட்டர் வரை ஊதலாம். நீளவாக்கில் அசையவே அசையாது, அகலத்தில்தான் ஆட்டம். குழிக்குள் இரும்பு இம்மி பிசகாமல் உட்கார வேண்டிய இடத்தில் ஒரு மில்லிமீட்டர் என்றால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். ரைஃபிளாக இருந்தால் முன்கட்டை குழலை ஒரு பக்கம் அழுத்தி, குறி இடம் மாறிவிடும். கோடையில் மரம் சுருங்கினால் ஸ்க்ரூ தளரும். தளர்ந்ததை முறுக்காமல் சுட்டால் ஆக்‌ஷன் பின்னால் இடித்துக் கட்டை பிளக்கும்.

அதனால் காற்றின் ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம் வரை இருக்கும்படி இலக்கு வையுங்கள். முன்னூறு, நானூறு ரூபாய்க்கு டிஜிட்டல் ஈரப்பதமானி கிடைக்கிறது, ஒன்று வாங்கி பீரோவுக்குள் வையுங்கள். அது சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க, ஒரு பாட்டில் மூடியில் உப்பைக் கொட்டிச் சில சொட்டுத் தண்ணீர் விட்டுச் சேறு போலக் குழையுங்கள். மானியோடு சேர்த்துக் காற்றுப் புகாத பையில் ஓர் இரவு வையுங்கள். காலையில் 75 காட்ட வேண்டும். எவ்வளவு தள்ளிக் காட்டுகிறதோ அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

பீரோ வெளிச்சுவரை ஒட்டி நிற்கக் கூடாது. அடியில் பலகை, பின்னால் நாலு விரல் இடைவெளி. சிலிக்கா ஜெல் நல்ல இறுக்கமான பெட்டியில்தான் வேலை செய்யும். கதவு இடுக்கு வழியே காற்று வரும் பீரோவில் பொட்டலத்தைப் போட்டுவிட்டு மறந்துபோவது வீண். நிறம் மாறியதும் ஓவனில் சுமார் 120 டிகிரியில் சில மணி நேரம் சூடாக்கினால் மறுபடி பயன்படும். மலையில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது, பீரோவுக்குள் வைக்கவென்றே விற்கும் மின்சாரச் சூட்டுக் கம்பியைத்தான். 25 டிகிரியில் 85 சதவீத ஈரப்பதம் உள்ள காற்று 30 டிகிரிக்குப் போனாலே 64 அளவுக்கு இறங்கிவிடும். சாதாரண குண்டு பல்பை எரியவிட்டுக் கதவைச் சாத்தாதீர்கள், துணியோ மரமோ பட்டால் தீ.

தேர்தல் அறிவிப்பு வந்து துப்பாக்கியை ஒப்படைக்கச் சொன்னால், உறையோடு கொடுத்துவிட்டு வராதீர்கள். மெல்லிய எண்ணெய்த் துடைப்பு, காற்றோட்டமான பருத்தித் துணி, கட்டையின் நிலையைக் காட்டும் நாலு போட்டோ. திரும்பி வந்த அன்றே பிரித்துத் துடையுங்கள். பல பேர் அப்படியே பீரோவில் வைத்துவிட்டு அடுத்த மழையில்தான் திறக்கிறார்கள்.

ஏற்கெனவே ஊதிய கட்டையை வெயிலிலோ அடுப்புப் பக்கத்திலோ வைத்துக் காயவிட வேண்டாம், வேகமாகக் காய்ந்தால் விரிசல் நிச்சயம். பிரித்து, நிழலில், வாரக்கணக்கில் ஆறவிடுங்கள். பூஞ்சணம் தெரிந்தால் முகத்தில் துணி கட்டிக்கொண்டு ஸ்பிரிட் நனைத்த துணியால் துடையுங்கள். உப்புத்தாளை எடுத்தவுடன் தேய்க்கத் தொடங்காதீர்கள், இரும்போடு சமமாக நிற்கும் விளிம்பு போய்விட்டால் அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. கறுத்த தலைப்பகுதியிலிருந்து எண்ணெயை சாக் (chalk) பொடியும் கரைப்பானும் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சி எடுக்கலாம், ஆனால் அதை லைசன்ஸ் உள்ள ரிப்பேர்க்காரரிடம் விடுங்கள். விரிசல் கண்ணுக்குத் தெரிந்தால், ஒரே ஒரு தோட்டா என்றுகூடச் சுடாதீர்கள். மயிரிழை விரிசலைப் பசை விட்டு உள்ளே முளை அடித்துக் காப்பாற்றிவிடலாம். இரண்டாகப் பிளந்து வந்த பிறகு புதுக் கட்டைதான், அந்தத் தரத்தில் வால்நட் கிடைப்பது இப்போது லேசில்லை.